கல்லில் நெஞ்சைத் திறந்த காவலர் அசோகர்

நம் குடியிருப்பில் நான்காம் வகுப்பில் பயிலும் பிள்ளை ஒன்றை அழைத்து அசோகர் யார் என்று வினவினால், அவர் சாலையின் இருமருங்கிலும் மரங்களை நட்டார் என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். நாமும் நம் இளமையில் அவ்வாறே ஒப்பித்து மதிப்பெண் பெற்றோம். அச்செய்தி பொய்யன்று. ஆயினும், மரம் நட்ட மன்னர் பாரதத்தில் பலர். குளம் தொட்டு வளம் பெருக்கியவரும் பலர். அவர்களுள் பெரும்பாலோர் பெயரும் மறைந்தொழிந்தது. அசோகர் பெயர் மட்டும் 2,200 ஆண்டுகளுக்கு மேலாக நின்று நிலவுவது ஏன்?

வென்ற மன்னர் தம் வெற்றியைக் கல்லில் வெட்டி வைப்பது உலக வழக்கு. வென்ற பின்னர், அவ்வெற்றியினால் தமக்கு நேர்ந்த வருத்தத்தைக் கல்லில் வெட்டி வைத்தவர் அசோகர். அக்கல்வெட்டுகளுள் ஒன்று, நம் திருப்பதிக்கு எட்டாத தொலைவிலன்று, நாம் அன்றாடம் வண்டிகளை வழியனுப்பும் இருப்புப்பாதையின் ஓரத்திலேயே இருக்கின்றது. பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்தி, அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்த நாம் வரலாற்றுப் புலவர் அல்லோம். ஆயினும் கற்றறிந்தோர் ஆராய்ந்து கண்டவற்றை நம் குடும்பங்களும் அறிதல் வேண்டும் என்னும் அவாவினால், அம்மன்னரின் வாழ்க்கையை ஈண்டு சுருங்கச் சொல்லுகின்றோம்.

மௌரியர் குடி

கி.மு. 327-இல் கிரேக்க வேந்தர் அலெக்சாந்தர் வடமேற்குக் கணவாய்களின் வழியே பாரதத்துள் புகுந்தார். அவர் திரும்பிச் சென்ற சில ஆண்டுகளில், ஏறக்குறைய கி.மு. 321-இல், மகத நாட்டை ஆண்ட நந்தர் குடியை வீழ்த்திப் பாடலிபுரத்தில் அரியணை ஏறினார் சந்திரகுப்த மௌரியர். அவருக்கு அறிவுத் துணையாக நின்றவர் சாணக்கியர் என்பது மரபு. அந்தப் பாடலிபுரமே இன்றைய பாட்னா நகரம்.

சந்திரகுப்தரின் மைந்தர் பிந்துசாரர். இவர் மேலைநாட்டுக் கிரேக்க மன்னர் அந்தியோகருக்குத் திருமுகம் விடுத்து, இன்மதுவும், உலர்ந்த அத்திப்பழமும், ஒரு தத்துவ ஆசிரியரும் வேண்டுமென்று கேட்டாராம். முன்னிரண்டும் அனுப்புவதாகவும், ஆசிரியரை விலைக்கு விற்பது தம் நாட்டு வழக்கமன்று எனவும் அந்தியோகர் மறுமொழி விடுத்ததாகக் கிரேக்க நூலொன்று கூறும். பாடலிபுரத்தின் அரண்மனை அந்நாளிலேயே உலகத் தொடர்பு உடையதாயிருந்தது என்பதற்கு இது சான்று. அந்த அரண்மனையில் பிறந்தவரே அசோகர்.

இளவரசர்

அசோகரின் அன்னையை வடநாட்டு மரபு சுபத்திராங்கி என்றும், இலங்கை மரபு தம்மா என்றும் அழைக்கும். பிந்துசாரருக்கு மனைவியர் பலர், மைந்தரும் பலர். மூத்தவர் சுசீமர். அசோகர் தோற்றப் பொலிவு இல்லாதவர் என்றும், அவருடைய மேனி சொரசொரப்பானது என்றும், அதனால் தந்தையின் அன்பு அவர்பால் செல்லவில்லை என்றும் வடநாட்டுப் பௌத்த நூல் ஒன்று கதை சொல்லும். தக்கசீலத்தில் கலகம் மூண்டபோது அதனை அடக்கத் தந்தை அசோகரை அனுப்பினார். அந்நகரத்தார் போர் செய்யாமல் அவரை எதிர்கொண்டு வரவேற்றனர் என்றும், தங்கள் சினம் அரசர்மீது அன்று, தங்களை இழிவு செய்த அதிகாரிகள்மீதே என்று முறையிட்டனர் என்றும் அந்நூல் கூறும்.

பின்னர் அவர் உச்சயினியில் அரசப் பிரதிநிதியாக வீற்றிருந்தார். அங்குச் செல்லும் வழியில் விதிசை நகரத்து வணிகர் ஒருவரின் மகள் தேவியைக் கண்டு மணந்தார். இவ்விருவருக்கும் பிறந்த மக்களே மகிந்தரும் சங்கமித்திரையும். இவ்விருவர் பெயரையும் வாசகர்கள் நினைவில் இருத்துவார்களாக.

அரியணை ஏறிய வகை

ஏறக்குறைய கி.மு. 273-இல் பிந்துசாரர் நோயுற்று இறந்தார். மூத்த மைந்தர் சுசீமர் இருக்க, இளையவராகிய அசோகர் உச்சயினியிலிருந்து விரைந்து வந்து தலைநகரைக் கைப்பற்றினார். அமைச்சர் இராதாகுப்தர் அவருக்குத் துணை நின்றார் என்பது வடநாட்டு மரபு. சுசீமர் அப்பூசலில் மாண்டார். அசோகர் முடி சூடியது கி.மு. 268-ஐ ஒட்டியே. ஆட்சி கைக்கு வந்ததற்கும் முடி சூட்டு விழாவுக்கும் இடையே நான்கு ஆண்டுகள் கழிந்தன என்று இலங்கை நூல்கள் கூறுகின்றன. அந்நான்கு ஆண்டுகளும் அமைதியாகக் கழிந்திருக்க மாட்டா என்பது வெளிப்படை.

அசோகர் தம் உடன்பிறந்தார் தொண்ணூற்றொன்பதின்மரைக் கொன்று, திஸ்ஸர் என்னும் ஒருவரை மட்டுமே உயிரோடு விட்டார் என்று மகாவமிசம் கூறும். இதனை அப்படியே கொள்ளுதல் இயலாது. அசோகர் தம் ஆட்சியின் பதினான்காம் ஆண்டளவில் வெட்டுவித்த கல்வெட்டிலேயே, தம் சகோதரர் சகோதரிகளின் இல்லங்களைப் பற்றிப் பேசுகின்றார். கொல்லப்பட்டோருக்கு இல்லம் ஏது? பௌத்தர் ஆகுமுன் அவர் கொடியராயிருந்தார் எனக் காட்டினால் பின்னைய மாற்றம் பெரிதாய்த் தோன்றும் என்று கருதி, நூலாசிரியர்கள் எண்ணிக்கையை மிகுத்தனர் போலும். ஆயினும் அரியணைக்குச் செல்லும் படிகளில் குருதிக்கறை இருந்தது என்பதில் ஐயமில்லை.

கலிங்கம்

முடி சூடி எட்டு ஆண்டுகள் கழிந்தன. ஏறக்குறைய கி.மு. 261-இல் அசோகரின் படை கலிங்கத்தின்மீது பாய்ந்தது. இன்றைய ஒடிசாவும் அதனை அடுத்துள்ள ஆந்திரக் கடற்கரையின் வடபகுதியும் சேர்ந்ததே கலிங்கம். வங்கக் கடல் வாணிபமும், தெற்கு நோக்கிச் செல்லும் பெருவழியும் அந்நாட்டின் கையிலிருந்தன.

போரில் மாண்டோர் 1,00,000 பேர். சிறைபிடித்து நாடு கடத்தப்பட்டோர் 1,50,000 பேர். பிறவாறு மடிந்தோர் மாண்டோரினும் பன்மடங்கு. இக்கணக்கை எழுதி வைத்தவர் பகைவரல்லர். தோற்ற நாட்டுப் புலவருமல்லர். அசோகர் தாமே எழுதுவித்த கணக்கு இது. வியப்பு யாதெனில், அசோகரைப் புகழும் வடநாட்டு நூலாகட்டும், இலங்கை நூலாகட்டும், கலிங்கப் போரைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அவர் தாமே கல்லில் வெட்டி வைத்திராவிடின் அப்போர் நிகழ்ந்ததையே நாம் அறிந்திருக்க மாட்டோம். அவர் மறைக்க விரும்பியிருந்தால் மறைத்திருக்கலாம். தம் குற்றத்துக்குத் தாமே சாட்சியானார்.

அக்கல்வெட்டின் கருத்தைச் சுருங்கச் சொல்வோம். ஒரு நாட்டை வெல்லும்போது நேரும் கொலையும் சாவும் சிறைப்பிடிப்பும் தம் நெஞ்சை வருத்துகின்றன என்கிறார் மன்னர். அந்தணரும் துறவியரும், பெற்றோரைப் பேணி வாழும் இல்லறத்தாருமே அங்கு வாழ்ந்தனர். அவர்களுக்கும் துன்பம் நேர்ந்தது. தாம் தப்பினும் தம் நண்பரும் உறவினரும் துன்புறக் கண்டு வருந்தியோரும் உளர் என்கிறார். அன்று மாண்டவர்களுள் நூற்றிலொரு பங்கினர், ஏன், ஆயிரத்திலொரு பங்கினர் இனித் துன்புறினும் தாம் அதனைப் பொறுக்கவியலாது என்று முடிக்கிறார். ஒரு பேரரசர், தாம் வென்ற நாட்டில் அழுதவர்களை எண்ணிப் பார்த்து, அவர்களுடைய உறவினரையும் எண்ணிப் பார்த்தது உலக வரலாற்றில் அரிய செய்தியாகும்.

புத்த சங்கத்தை நாடியது

நிக்குரோதர் என்னும் இளந்துறவி ஒருவர் அரண்மனை முற்றத்தின் வழியே அமைதியாக நடந்து செல்லக் கண்டு அசோகர் மனம் மாறினார் என்று இலங்கை நூல்கள் கூறும். உபகுப்தர் என்னும் பெருந்தேரரே அவருக்கு ஆசான் என்று வடநாட்டு நூல்கள் கூறும். மன்னரின் கல்வெட்டுகளோ இயல்பான ஒரு செய்தியைத் தருகின்றன. தாம் பௌத்த இல்லறத்தாராகி இரண்டரை ஆண்டுகளுக்கு மேலாகியும், முதல் ஓராண்டில் பெரிதாக முயலவில்லை என்றும், பின்னர்ச் சங்கத்தை நெருங்கிய பிறகே முனைந்து நின்றதாகவும் அவர் எழுதுவித்தார். ஒரே நாளில் ஒளி தோன்றியது என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. மெல்ல மெல்லத் திருந்தினார். நம்போன்ற எளியோருக்கு இச்செய்தி பெரிதும் ஆறுதல் தருவதன்றோ?

முடி சூடிய பத்தாண்டுகளுக்குப் பின் புத்தர் ஞானம் பெற்ற கயைக்கு யாத்திரை சென்றார். வேட்டையாடி மகிழும் அரசச் செலவை விடுத்து, அறச்செலவை மேற்கொண்டார். இருபதாம் ஆண்டில் புத்தர் பிறந்த உலும்பினிக்குச் சென்று வழிபட்டு, அங்கே கல்தூண் நாட்டி, அவ்வூராரின் வரியை எட்டிலொரு பங்காகக் குறைத்தார். அத்தூண் இன்றும் நேபாளத்தில் நிற்கின்றது. முற்புத்தராகிய கனகமுனியின் தூபியை இருமடங்காகப் பெருக்கினார்.

இலங்கை மரபின்படி, மொக்கலிபுத்த திஸ்ஸர் தலைமையில் பாடலிபுரத்தில் மூன்றாம் பௌத்தப் பேரவை கூடியது. அதன் பின்னர்ப் பல நாடுகளுக்கும் துறவியர் அனுப்பப்பட்டனர். முன்னே கூறிய மகிந்தர் இலங்கைக்குச் சென்று அந்நாட்டு மன்னர் தேவானாம்பிய திஸ்ஸருக்கு அறம் உரைத்தார். சங்கமித்திரை போதி மரத்தின் கிளையை ஏந்திக் கப்பலேறி, யாழ்ப்பாணத் தீபகற்பத்தின் சம்புகோளத் துறையில் இறங்கினார். அக்கிளை அநுராதபுரத்தில் நடப்பெற்றது. அம்மரம் இன்றும் அங்கே தழைத்து நிற்கின்றது. வடவரசர் ஒருவர் தம் படையை அனுப்பாமல், தாம் பெற்ற மகனையும் மகளையும் அறத்தின் பொருட்டுக் கடல் கடக்க விடுத்தார் என்றால், அவருடைய பற்றின் உறுதியை என்னென்பது!

அரசியலில் அறம்

அரண்மனை அடுக்களையில் நாள்தோறும் பல்லாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டு வந்தன. அதனை இரண்டு மயிலும் ஒரு மானுமாகக் குறைத்தார். மானும் எந்நாளும் அன்று. இவையும் இனிக் கொல்லப்பட மாட்டா என்று அறிவித்தார். மாந்தருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்தார். மூலிகை கிடைக்காத இடங்களில் அவற்றைத் தருவித்துப் பயிரிடச் செய்தார். வழிகளில் கிணறு தோண்டுவித்தார். நிழலுக்கு மரம் நடுவித்தார். நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் மரம் இதுவே. அது வெறும் நிழல் மரமன்று. கலிங்கத்தில் வீழ்ந்த மாந்தரின் நினைவாக ஒரு வருந்திய உள்ளம் நட்ட மரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தல் நம் கடமை.

தாம் உண்ணும்போதாயினும், அந்தப்புரத்தில் இருக்கும்போதாயினும், மக்கள் குறையை உடனே தம்மிடம் தெரிவிக்கலாம் என்று ஆணையிட்டார். அறத்தைக் கண்காணிக்கத் தர்ம மகாமாத்திரர் என்னும் அதிகாரிகளை நியமித்தார். சிறையில் இருப்போர் நிலையைப் பார்ப்பதும், முதியோரையும் ஆதரவற்றோரையும் பேணுவதும் அவர்கள் பணியாகும்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லாது விடுதல் முறையன்று. அசோகர் கலிங்கத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சிறைபிடிக்கப்பட்டோரை விடுவித்ததாகவும் எங்கும் குறிக்கவில்லை. மரண தண்டனையை அவர் அறவே நீக்கவில்லை. தண்டனை பெற்றோருக்கு மூன்று நாள் தவணை மட்டுமே கொடுத்தார். காட்டுவாழ் மக்களை அன்போடு பேசினும், தமக்கு வலிமை உண்டு என்று எச்சரிக்கவும் செய்தார். அவர் துறவியல்லர், அரசர். குறை நீங்கிய மனிதர் என்று அவரைப் போற்றுவது உண்மைக்கு மாறாகும். தம் குறையைக் கண்டு கைப்பிடியைத் தளர்த்திய மனிதர் என்று போற்றுவதே தகும்.

நம் அண்டையில் ஒரு பாறை

இனி நம் ஊருக்கு வருவோம். ரேணிகுண்டா சந்திப்பில் மும்பை செல்லும் வண்டியேறினால், கடப்பை, தாடிபத்திரி வழியாக ஏறக்குறைய 280 கிலோமீட்டர் கடந்ததும் குத்தி நிலையம் வரும். அங்கிருந்து பத்திகொண்டா செல்லும் சாலையில் சுமார் 13 கிலோமீட்டரில், கர்நூல் மாவட்டத்தில் உள்ளது எர்ரகுடி என்னும் சிற்றூர். 1929-ஐ ஒட்டி, நிலநூல் அறிஞர் ஒருவர் அங்குள்ள குன்றில் எழுத்துகள் இருக்கக் கண்டு வெளிப்படுத்தினார். அசோகரின் பதினான்கு பெருங்கல்வெட்டுகளும், சிறு கல்வெட்டுகளும் ஒருங்கே அமைந்த இடம் அது. பெருங்கல்வெட்டுகள் கிடைத்த இடங்களுள் தென்கோடியில் உள்ளதும் அதுவே. அவருடைய தென்னாட்டுத் தலைநகரான சுவர்ணகிரி, அதற்கு அணித்தான ஜொன்னகிரியே என்பர் ஆராய்ச்சியாளர் சிலர்.

அங்கே ஒரு பெரும் வியப்பு உண்டு. கலிங்க நாட்டில் தவுளியிலும் ஜௌகடாவிலும் உள்ள பாறைகளில், போரைப் பற்றிய பதின்மூன்றாம் கல்வெட்டு இல்லை. தோற்று நொந்த மக்கள் கண்முன் அவர்கள் துயரத்தை மீண்டும் எழுதிக் காட்ட மன்னர் விரும்பவில்லை போலும். அதற்கு ஈடாக அங்கு வேறு இரண்டு ஆணைகளை வெட்டுவித்தார். மாந்தர் அனைவரும் தம் மக்கள் என்றும், அதிகாரிகள் எவரையும் காரணமின்றிச் சிறையிலிடலும் வதைத்தலும் கூடாது என்றும் ஒன்றில் கூறுகின்றார். எல்லைக்கு அப்பால் வாழும் வெல்லப்படாத மக்கள் தம்மைக் கண்டு அஞ்ச வேண்டா, தம்மால் அவர்க்கு இன்பமே வரும், துன்பம் வாராது என்று மற்றொன்றில் கூறுகின்றார்.

கலிங்கத்தில் எழுதாத அந்த வருத்தத்தை எர்ரகுடியில் எழுதுவித்தார். எர்ரகுடிக்குத் தெற்கே யார் இருந்தனர்? வடவேங்கடத்தை எல்லையாகக் கொண்ட தமிழர் இருந்தனர். வென்ற நாட்டாரிடம் பேசாததை, இனி வெல்ல மாட்டேன் என்ற உறுதியோடு, எல்லையோரத்தில் எழுதி வைத்தார். நாம் வாழும் திருப்பதியும் சித்தூரும் அந்தப் பாறைக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட நிலம். ஆகவே அச்சொற்கள் நம் மண்ணை நோக்கிச் சொன்னவையே எனலாம்.

எழுத்தர் என்னும் முறையில் நமக்கு உவப்பான செய்தி மற்றொன்றும் உண்டு. எர்ரகுடிச் சிறு கல்வெட்டில் சில வரிகள் இடமிருந்து வலமாகவும், சில வரிகள் வலமிருந்து இடமாகவும் செல்கின்றன. கருநாட்டில் சித்திரதுர்க்கத்தை அடுத்த பிரமகிரியில், கல்வெட்டை எழுதிய சபடர் என்பார் தம் பெயரை இறுதியில் பொறித்தார். தம் தொழிலை மட்டும் வடமேற்கு நாட்டுக் கரோட்டி எழுத்தில் குறித்தார். பிழையும் குறையும் எழுத்தரால் நேர்ந்திருக்கலாம் என்று மன்னரே பதினான்காம் கல்வெட்டில் கூறியதும் உண்டு. எர்ரகுடியிலோ, யானைப்பாகர், தேர் செலுத்துவோர், அந்தணர் ஆகியோருடன் கரணகர் என்னும் கணக்கெழுதுவோரையும் விளித்து, தாய் தந்தையைப் பேணுதல், உயிர்களிடத்து இரக்கம், வாய்மை ஆகியவற்றைத் தம் மாணாக்கர்க்குக் கற்பிக்குமாறு ஆணையிட்டார். சித்தூர்ச் சிற்றூர்களில் முன்னாளில் கர்ணம் என்று வழங்கிய கணக்குப்பிள்ளையின் பெயர் இச்சொல்லோடு உறவுடையதே. பேரரசர் கண்ணில் கணக்கெழுதுவோனும் பட்டான் என்பதில் நமக்கு ஒரு சிறு பெருமிதம்.

தமிழரசரும் அசோகரும்

இரண்டாம், பதின்மூன்றாம் கல்வெட்டுகளில் தம் எல்லைக்கு அப்பாற்பட்ட அண்டை நாட்டாராகச் சோழரையும் பாண்டியரையும் அசோகர் குறிக்கின்றார். இரண்டாம் கல்வெட்டில் சத்தியபுத்திரரும் கேரளபுத்திரரும் அவர்களோடு சேர்க்கப்படுகின்றனர். தாமிரபரணி என்னும் இலங்கையும் உடன் வருகின்றது. மேலைத்திசையில் அந்தியோகர், தாலமி, அந்திகோனர், மகர், அலெக்சாந்தர் என்னும் ஐந்து கிரேக்க அரசர்களின் பெயர்களுக்கு இணையாக, நம் மூதாதையர் பெயர் அங்கே நிற்கின்றது. மௌரியரின் தேர்கள் செல்லும்பொருட்டு மலைகளைக் குடைந்து வழி செய்ததாகச் சங்கப் பாடல்களும் மோரியரைக் குறிக்கின்றன. ஆனால் அசோகர் தமிழகத்தை வென்றதாக ஒரு கல்வெட்டும் கூறவில்லை. மருத்துவத்தை அனுப்பியதாகவே கூறுகின்றது.

சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். 1981-இல் திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியே சத்தியபுத்திரன் என்னும் பொருள்படக் குறிக்கப்பட்டமை கண்டு வழக்குத் தீர்ந்தது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளல் அவனே. அவன் அசோகருக்குப் பிற்பட்டவன். அவன் குலத்து முன்னோரையே அசோகர் குறித்தார் என்க.

பிற சமயம் பேணல்

அசோகர் பௌத்தர். ஆயினும் தம் சமயத்தைப் பிறர்மேல் சுமத்தவில்லை. கயைக்கு அருகே பராபர் குன்றில் குடைவித்த குகைகளை ஆசீவகத் துறவியருக்கே கொடுத்தார். அந்தணரையும் சமணரையும் பிற துறவியரையும் ஒப்ப மதித்தார். அவருடைய பன்னிரண்டாம் கல்வெட்டு முழுதும் இதைப் பற்றியதே. தன் சமயத்தின் மீதுள்ள பற்றினால் பிற சமயத்தைப் பழிப்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கின்றான். சொல்லடக்கமே அறத்தின் அடிப்படை. ஒருவர் கொள்கையை ஒருவர் கேட்டறிதல் நன்று என்பது அதன் சாரம்.

மொழிக்கும் அவர் இவ்வாறே இடங்கொடுத்தார். வடமேற்கில் கரோட்டி எழுத்தில் எழுதுவித்தார். இன்றைய ஆப்கானிஸ்தானத்துக் காந்தகாரில் 1958-இல் கிடைத்த கல்வெட்டு கிரேக்கத்திலும் அரமேயத்திலும் இருக்கின்றது. கேட்போர் அறியும் மொழியில் பேசுதல் ஆள்வோர்க்கு அழகு என்பதை அவர் அறிந்திருந்தார்.

நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சித்தூர் மாவட்டம் 1911-இல் வடஆர்க்காட்டுப் பகுதிகளையும் கொண்டு அமைந்தது; 1960-இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகம் சென்றது; 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கோடுகள் மாறின, நாம் இக்கரையில் வாழ்கின்றோம். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு கற்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். மலையடிவாரத்து நிலையத்தில் நாள்தோறும் பன்மொழியினர் வந்திறங்குகின்றனர். அண்டை வீட்டார் உகாதிக்குப் பச்சடி அனுப்புகின்றனர். நாம் பொங்கல் அனுப்புகின்றோம். நம் மொழியை விடாது பேணுதலும், அவர் மொழியைப் பழியாது போற்றுதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல. தமிழ்ச் சங்கம் வைத்து நடத்துவது பிறரை ஒதுக்குவதற்கன்று. பன்னிரண்டாம் கல்வெட்டை எர்ரகுடிப் பாறையில் எழுதியவர் நமக்கும் சேர்த்தே எழுதினார் என்பது எம் துணிபு.

இறுதி நாள்கள்

அசோகர் ஏறக்குறைய 36 ஆண்டுகள் ஆண்டு, கி.மு. 232-ஐ ஒட்டி மறைந்தார். அவருடைய இறுதியைப் பற்றி வடநாட்டு நூல் கூறும் கதை உள்ளத்தை உருக்குவது. முதுமையில் நோயுற்ற மன்னர், கருவூலத்துப் பொன்னையெல்லாம் சங்கத்துக்கு வாரி வழங்கினார். அமைச்சரும் இளவரசரும் அஞ்சி, கருவூலத்தைப் பூட்டினர். பின்னர் அவர் உணவுண்ணும் பொற்கலத்தை வழங்கினார், அதுவும் தடுக்கப்பட்டது. வெள்ளிக்கலம் வந்தது, அதையும் வழங்கினார். இறுதியில் கையிலிருந்தது பாதி நெல்லிக்கனி. பாரதம் முழுதும் ஆண்ட கைக்கு உரிமையாக எஞ்சியது அதுவே. அப்பாதிக்கனியைக் குக்குடாராமத் துறவியருக்கு அனுப்பினார். அவர்கள் அதனை அரைத்துக் குழம்பில் கலந்து, அனைவரும் பகிர்ந்துண்டனர் என்பது கதை.

கதையாயினும் தமிழர் நெஞ்சுக்கு இது நெருக்கமானது. அசோகர் பெயரிட்டுக் குறித்த சத்தியபுத்திரர் குலத்தில் வந்த அதியமான், நீண்ட வாழ்நாள் தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். வாழ்நாள் முடியும் வேளையில் பேரரசர் ஒருவர் தம் பாதி நெல்லிக்கனியை ஈந்தார். பொன்னை ஈவோர் பலர். தனக்கென்று எஞ்சிய ஒன்றை ஈவோர் சிலரே.

மறதியும் மீட்சியும்

அசோகருக்குப் பின் அரை நூற்றாண்டிற்குள், கி.மு. 185-ஐ ஒட்டி, மௌரியர் ஆட்சி முடிந்தது. அவர் எழுத்துகளைப் படிப்போர் இல்லாமற்போயினர். தூண்களை வீமனுடைய கதை என்றும் பிறர் நட்டவை என்றும் மக்கள் பேசலாயினர். 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் பிராமி எழுத்தைப் படித்தார். பியதசி என்று அதில் வருபவர் அசோகரே என்பதை இலங்கை நூல்களின் துணை கொண்டு ஜார்ஜ் டர்னர் காட்டினார். 1915-இல் இரெய்ச்சூரை அடுத்த மஸ்கியில் கிடைத்த கல்வெட்டில் அசோகர் என்னும் பெயரே காணப்பட்டதும் எஞ்சிய ஐயம் அகன்றது. அவருடைய சக்கரம் 1947-இல் நம் கொடியில் அமர்ந்தது. சாரநாத்தின் சிங்கத்தலை 1950-இல் குடியரசின் முத்திரையாயிற்று. நாம் பெறும் நாணயத்திலும், நம் அலுவலகக் கடிதத்தின் தலைப்பிலும் அவர் சிங்கங்கள் காவல் நிற்கின்றன.

பேரரசு அழிந்தது, அரண்மனை மண்ணில் புதைந்தது, கலிங்கத்தை வென்ற படையின் தலைவர் பெயரைக்கூட எவரும் அறியார். நான் வருந்துகின்றேன் என்று ஒரு மன்னர் சொன்ன சொல் மட்டும் பாறையில் நிற்கின்றது. வலிமையுடையோர் தவறு செய்தபின் வாய் திறந்து ஒப்புவது அரிது. வீட்டிலும் அலுவலகத்திலும் நாட்டிலும் அவ்வரிய செயல் நடைபெறுமிடத்தே அமைதி தங்கும். விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குத்தி நிலையத்தில் இறங்கி, அந்தப் பாறையை ஒருமுறை காணுமாறு நம் சங்கத்துக் குடும்பங்களை வேண்டுகின்றோம். மரம் நட்டார் என்று ஒப்பிக்கும் நம் பிள்ளைகள், மரத்தின் வேர் எங்கே உள்ளது என்பதை அங்கே காண்பார்கள்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! ஓங்குக அறம்!